கிட்னி இருக்கிற இடம் எது?

கேள்வி: என் அப்பாவுக்கு 72 வயது. இடுப்பு வலித்தால் கிட்னி போச்சு என்கிறார், மேல்வயிறு எரிந்தால் வெறும் கேஸ் என்று விட்டுவிடுகிறார். உடம்புக்குள் எது எங்கே இருக்கிறது என்பதே அவருக்குச் சரியாகத் தெரியவில்லை. இந்த வயதில் படம் காட்டிச் சொல்லிக்கொடுத்தால் பயன் உண்டா?

பதில்: உண்டு, ஆனால் எல்லாவற்றையும் சொல்லிக்கொடுக்க வேண்டாம், அவர் பரீட்சையா எழுதப்போகிறார்? கிட்னி இடுப்பில் இல்லை. முதுகுப்பக்கம், கடைசி விலா எலும்புகளை ஒட்டி, முதுகெலும்புக்கு இரண்டு புறமும் இருக்கிறது. குனிந்து நிமிர்ந்தால் கூடுகிற இடுப்பு வலி பெரும்பாலும் தசை, எலும்பு சமாச்சாரம்தான். அதற்காக வலியில்லை என்று நிம்மதியாகவும் இருந்துவிட முடியாது, ஏனென்றால் மெதுவாகக் கெடுகிற கிட்னி பெரும்பாலும் வலிக்கவே வலிக்காது, ரத்தத்தில் கிரியாட்டினினும் (கிட்னி வெளியேற்ற வேண்டிய ஒரு கழிவு) சிறுநீரில் புரதமும் பார்த்தால்தான் தெரியும்.

என்னைப் பயமுறுத்துவது அந்த ‘கேஸ்’தான். மாரடைப்பு என்றால் இடது மார்பில்தான் வலிக்கும் என்று நம்பிக் காத்திருப்பவர்கள் நிறைய. இதயம் இருப்பதோ நெஞ்சின் நடுவில், சற்றே இடதுபுறம் சாய்ந்து. அதன் வலி மேல்வயிறு, தாடை, முதுகு, கை என்று எங்கேயும் தெரியலாம். வயதானவர்களுக்கும் சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கும் வலியே இல்லாமல் மூச்சிரைப்பு, வியர்வை, திடீர்ச் சோர்வு என்று மட்டும்கூட வரலாம். அப்படி வந்தால் கேஸ் மருந்து குடித்துப் பார்க்கலாம் என்று உட்காராமல் உடனே ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள்.

உள்ளுறுப்புகளின் நரம்புகளும் தோலின் நரம்புகளும் தண்டுவடத்தில் ஒரே இடத்தில் வந்து சேர்வதால், வலி எங்கிருந்து வருகிறது என்பதில் மூளை குழம்பிவிடுகிறது. பித்தப்பை வலி வலது தோளில் தெரிவது இப்படித்தான். அதனால் அப்பா டாக்டரிடம் போய் “கிட்னி வலிக்குது” என்று சொல்ல வேண்டாம். வலிக்கிற இடத்தை விரலால் தொட்டுக் காட்டட்டும், எப்போது ஆரம்பித்தது, எங்கே பரவுகிறது என்று சொல்லட்டும், மற்றதை டாக்டர் பார்த்துக்கொள்வார்.

கேள்வி: அம்மாவுக்குப் பல வருடங்களுக்கு முன் கர்ப்பப்பையை எடுத்தார்கள். சினைப்பையையும் எடுத்தார்களா என்று அவருக்கே தெரியவில்லை. இப்போது தெரிந்து என்ன ஆகப்போகிறது?

பதில்: நிறைய இருக்கிறது. சினைப்பை உள்ளே இருந்தால் அதில் கட்டியோ புற்றோ வர வாய்ப்பும் இருக்கிறது. கர்ப்பப்பை வாயை எடுக்காமல் விட்டிருந்தால் அதில் புற்று வருகிறதா என்று பார்க்கும் பரிசோதனை வேண்டுமா என்றும் டாக்டர் யோசிக்க வேண்டும். பழைய டிஸ்சார்ஜ் சம்மரியைத் தேடுங்கள். கிடைக்காவிட்டால் ஸ்கேனில் ஓரளவு தெரியும், ஆனால் மாதவிடாய் நின்ற பிறகு சினைப்பை சுருங்கிவிடுவதால் சில சமயம் இருந்தும் கண்ணில் படாது.