வெற்றுச் சொல்லும் வெற்று மொழியும் – கடிதம்

அன்புள்ள ஐயா,

இங்கே பல்கலைக்கழகத்தில் இரண்டாம் ஆண்டு கணினி அறிவியல் படிக்கிறேன். வீட்டில் கிரியோல், வகுப்பில் ஆங்கிலம். தமிழ் பள்ளிக்கூடத்தில் பாடமாகப் படித்ததுதான், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். இந்தப் பருவத்தில் முறைசார் மொழிக் கோட்பாடு வந்திருக்கிறது, முதல் வாரமே தடுமாறிவிட்டேன். எழுத்துகளைக் கன்னாபின்னாவென்று சேர்த்தாலும் அது சொல்லாம், அப்படிப்பட்ட சொற்களின் எந்தக் கூட்டமும் மொழியாம். பொருளே இல்லாத ஒன்றை மொழி என்று எப்படி ஒப்புக்கொள்வது? அடுத்தது, எழுத்தே இல்லாத வெற்றுச் சொல் மட்டும் உள்ள மொழியும் சொல்லே இல்லாத மொழியும் வேறு வேறு என்கிறார்கள். இரண்டிலும் ஒன்றும் இல்லையே என்று எழுதி மதிப்பெண் போய்விட்டது. கடைசியாக ஒன்று: எழுத்துத் தொகுதியிலிருந்து ஆக்கக்கூடிய எல்லாச் சொற்களின் கூட்டமான சிக்மா ஸ்டார் முடிவில்லாதது என்றால் அதற்குள் முடிவில்லாத நீளமுள்ள சொற்களும் இருக்குமா? நேரம் இருந்தால் பதில் எழுதுங்கள்.

ர., ரோஸ் ஹில்

அன்புள்ள ர.,

உங்கள் தமிழில் ஒரு குறையும் இல்லை. கேள்விகளும் நல்ல கேள்விகள். இந்த முதல் வாரப் பாடத்தை நிறையப் பேர் மனப்பாடம் செய்து கடந்துவிடுகிறார்கள், அப்புறம் சொற்களைச் சோதிக்கும் கற்பனை எந்திரமான ஆட்டோமேட்டன், இலக்கணம் என்று வரும்போது எதற்கு எது என்றே தெரியாமல் நிற்கிறார்கள். நீங்கள் இங்கேயே நின்று கேட்டது எனக்குப் பெரிய சந்தோஷம்.

எல்லாம் எழுத்துத் தொகுதியிலிருந்துதான் தொடங்குகிறது. சிக்மா என்று எழுதுகிறோமே, அது. முடிவுள்ள, காலியில்லாத ஒரு குறிகளின் கணம், அவ்வளவுதான் நிபந்தனை. எந்தக் குறிகள் என்பது நம் விருப்பம், ஆனால் ஒருமுறை முடிவு செய்துவிட்டால் அதன் பிறகு எல்லாமே அதைப் பொறுத்தது. ‘அம்மா’ என்பதன் நீளம் எவ்வளவு? பள்ளிக்கூடத்தில் படித்த 247 எழுத்துகளைத் தொகுதியாக வைத்தால் அ, ம், மா என்று மூன்று. உயிரையும் மெய்யையும் மட்டும் குறிகளாக வைத்தால் அ, ம், ம், ஆ என்று நான்கு. பைத்தான் நிரல்மொழியில் நீளம் கேட்டுப் பாருங்கள், ஐந்து என்று வரும், ஏனென்றால் யூனிகோடு அதை அ, ம, புள்ளி, ம, கால் என்று ஐந்து குறிகளாக வைத்திருக்கிறது. மூன்று விடையும் சரி. தொகுதி எது என்று சொல்லாமல் நீளத்தைக் கேட்பதுதான் தவறு, தமிழுக்கு மென்பொருள் எழுதுகிறவர்கள் தினமும் இதில்தான் இடறுகிறார்கள்.

சொல் என்பது அந்தக் குறிகளின் முடிவுள்ள வரிசை. தொகுதியில் இடைவெளியையும் நிறுத்தக்குறிகளையும் சேர்த்துக்கொண்டால் ஒரு முழு நாவலே ஒரு சொல்தான். நீங்கள் எழுதும் நிரலும் ஒரு சொல். அகராதிச் சொல் ஒவ்வொன்றையும் ஒரு குறியாக வைத்துக்கொண்டால் ஒரு வாக்கியம் இந்தக் கோட்பாட்டின் கணக்கில் ஒரு சொல் ஆகிவிடும். மொழியியலாளர் சாம்ஸ்கி 1956-இல் இலக்கணங்களைத் தரம் பிரித்து எழுதியபோது மனதில் வைத்திருந்தது பெரும்பாலும் இந்த மாதிரிதான்.

இனி பொருள். அதை யாரும் மறுக்கவில்லை, வெளியே எடுத்து வைத்திருக்கிறார்கள். ஒரு கணினிக்கு முன்னால் ஒரு வரிசையை நீட்டினால் அதனால் முதலில் கேட்க முடிந்த கேள்வி, இது ஏற்கத்தக்கதா இல்லையா என்பதுதான். ஏற்கத்தக்கவற்றை எல்லாம் ஒன்றாகத் திரட்டினால் வரும் கணத்துக்குத்தான் மொழி என்று பெயர். வெறும் சட்டப்படியான பெயர் என்று நினைக்காதீர்கள், ஓர் உதாரணம் பார்த்தால் அதன் வலு தெரியும்.

நம் மொரீசியஸ் ரூபாய்த் தாளில் தமிழ் எண்குறிகள் இருக்கின்றன. 1998-இல் மொழிகளின் வரிசையில் தமிழின் இடம் மாறியதற்காக நம்மவர்கள் எழுந்து நின்று திரும்பப் பெறவைத்தார்களே, அந்தத் தாள்கள்தான். அந்தக் குறிகளைச் சுழியம் இல்லாத பழைய முறையில் எழுதுவதாக வைத்துக்கொள்வோம். தொகுதியில் பத்துக் குறிகள்: ௧ முதல் ௯ வரை ஒன்பது, அப்புறம் பத்தைக் குறிக்கும் ௰. இருபத்தைந்து என்பது ௨௰௫. பதினொன்று ௰௧. தொண்ணூறு ௯௰. ௰௰ என்று எழுதினால் அதுவும் இந்தத் தொகுதியில் ஒரு சொல்தான், ஆனால் எந்த எண்ணும் இல்லை. ௫௨ என்பதும் அப்படியே, இந்த முறையில் அதற்கு இடம் கிடையாது. மூன்று குறிக்கு மிகாத சொற்கள், வெற்றுச் சொல்லை விட்டுவிட்டால், 10 + 100 + 1000, ஆக 1110. அவற்றில் நம் எண்மொழியில் இருப்பவை 99 மட்டும். மீதி 1011 சொற்களையும் தள்ளிவிட்டு இந்த 99-ஐ மட்டும் பிடிக்கும் விதியை எழுதுவதுதான் இந்தத் துறையின் வேலையே. ‘ழ’வில் சொல் தொடங்காது என்று நம் இலக்கணம் சொல்வதும் இதே வகை விதிதான், எல்லா வரிசைகளிலிருந்தும் கொஞ்சத்தை வெட்டி எடுக்கிறது.

விதி இதுதான். ஒன்று, தனியாக ஓர் இலக்கம். அல்லது, முன்னால் ௨ முதல் ௯ வரை ஒன்றோ வெற்றுச் சொல்லோ, நடுவில் ௰, பின்னால் ௧ முதல் ௯ வரை ஒன்றோ வெற்றுச் சொல்லோ. எண்ணிப் பாருங்கள்: தனி இலக்கம் 9. இரண்டாவது வகையில் முன்னால் 9 வாய்ப்பு, பின்னால் 10 வாய்ப்பு, பெருக்கினால் 90. மொத்தம் 99. ஒன்று முதல் தொண்ணூற்றொன்பது வரை ஒன்றுகூட விடுபடவில்லை, ஒன்றுகூட இரண்டு முறை வரவில்லை. எனக்கு இதைப் பார்க்கும்போதெல்லாம் மனம் நிறைந்துவிடும்.

உங்கள் இரண்டாவது கேள்விக்குப் பதில் இங்கேயே இருக்கிறது. பின்னால் வரும் இடத்தில் வெற்றுச் சொல்லுக்குப் பதிலாக வெற்றுக் கணத்தை, அதாவது சொல்லே இல்லாத மொழியை, போட்டுப் பாருங்கள். ஒன்பது இலக்கங்களோடு ஒன்றுமே சேராது, வாய்ப்பு 10 என்பது 9 ஆகிவிடும். உடனே 10, 20, 30 என்று தொடங்கி 90 வரை ஒன்பது எண்களும் காணாமல் போய்விடும். வெற்றுச் சொல் ஓர் உறுப்பு. அதன் நீளம் பூஜ்யம், ஆனால் அது இருக்கிறது. தபாலில் வெள்ளைத் தாள் வைத்த உறை ஒன்று வந்திருப்பதும், தபாலே வராததும் ஒன்றா? அதே வித்தியாசம்தான். கணக்காகச் சொன்னால், இரண்டு மொழிகளை ஒட்டுவது என்றால் முதல் மொழியின் ஒவ்வொரு சொல்லுக்கும் பின்னால் இரண்டாவதன் ஒவ்வொரு சொல்லையும் சேர்ப்பது. ஒரு மொழியை வெற்றுச் சொல் மட்டும் உள்ள மொழியோடு ஒட்டினால் அதே மொழி திரும்பக் கிடைக்கும், பெருக்கலில் 1 போல. சொல்லே இல்லாத மொழியோடு ஒட்டினால் ஒன்றும் மிஞ்சாது, பெருக்கலில் 0 போல. பத்துக் குறிகள் உள்ள தொகுதியில் நீளம் பூஜ்யமான சொற்கள் எத்தனை என்றால் பத்தின் பூஜ்ய அடுக்கு, அதாவது 1. அந்த ஒன்றுதான் வெற்றுச் சொல், அதை எப்சிலான் என்று எழுதுவோம். தேர்வில் இந்த ஒரு வரியை எழுதியிருந்தாலே போதும்.

மூன்றாவது கேள்விக்கு நேரான பதில்: இருக்காது. சிக்மா ஸ்டாரில் உள்ள ஒவ்வொரு சொல்லும் முடிவுள்ளது, சொற்களின் எண்ணிக்கைக்குத்தான் முடிவில்லை. எந்த எண்ணை எடுத்தாலும் எழுதி முடித்துவிடலாம், ஆனால் எண்களை எழுதி முடிக்க முடியாது இல்லையா, அப்படித்தான். அந்த ஸ்டார், க்ளேனி என்ற அமெரிக்கத் தர்க்கவியலாளர் தந்தது. நரம்பு வலைகளைப் பற்றிய ஆய்வில் வந்தது, 1956-இல் அச்சானது.

சொற்களை முதலில் நீளப்படி, ஒரே நீளமுள்ளவற்றை அகரவரிசைப்படி அடுக்கினால் எந்தச் சொல்லுக்கும் ஒரு வரிசை எண் கிடைத்துவிடும். ஆனால் மொழிகளை இப்படி அடுக்க முடியாது. நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் இதைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. எல்லா மொழிகளையும் வரிசைப்படுத்திவிட்டதாக ஒருவர் சொல்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். நான் ஒரு புது மொழி செய்கிறேன்: முதல் சொல் அவருடைய முதல் மொழியில் இருந்தால் என்னுடையதில் இருக்காது, இல்லாவிட்டால் இருக்கும். இரண்டாவது சொல்லை அவருடைய இரண்டாவது மொழியோடு இதேபோல் மாற்றி வைக்கிறேன், இப்படியே ஒவ்வொன்றுக்கும். என் மொழி அவருடைய பட்டியலில் எந்த மொழியோடும் குறைந்தது ஒரு சொல்லிலாவது வேறுபடும், ஆகவே பட்டியலிலேயே இருக்க முடியாது. கணிதவியலாளர் கான்டர் 1891-இல் காட்டிய வழி இது. இலக்கணமோ நிரலோ எதுவானாலும் தானே ஒரு முடிவுள்ள சொல், அவற்றை வரிசைப்படுத்திவிடலாம். அப்படியென்றால் பெரும்பாலான மொழிகளுக்கு இலக்கணமே கிடையாது, எழுதவும் முடியாது. எந்த நிரல் ஓடி நிற்கும், எது நிற்காமல் ஓடிக்கொண்டே இருக்கும் என்று பிரித்துச் சொல்லும் பொது வழி இல்லை என்று கணிதவியலாளர் டியூரிங் 1936-இல் காட்டியது இந்த வழியில் வந்ததுதான். பொருளை வெளியே எடுத்து வைத்ததால்தான் இவ்வளவு தூரம் பார்க்க முடிந்தது.

சரி, உங்களுக்கு ஒரு வேலை. எண்மொழியில் நூறைக் குறிக்கும் ௱-ஐயும் சேர்த்து 999 வரை விதி எழுதிப் பாருங்கள். 111 என்பது ௱௰௧ என்று வரும். மேலே உள்ள 99 சொற்களின் மொழியை அப்படியே உள்ளே பயன்படுத்திக்கொள்ளலாம், புதிதாக 900 சொற்கள் கிடைக்க வேண்டும். எண்ணிக்கை குறைந்தால் எப்சிலானை எங்கேயோ விட்டுவிட்டீர்கள். எழுதி அனுப்புங்கள்.

அன்புடன்