‘சிலர்’ என்ற சொல்

ஐயா, வணக்கம்.

மெக்கானிக்கல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். ஒரு மாதமாக இராக் போரைப் பற்றிய காணொளிகளைப் பார்த்து வருகிறேன். பேரழிவு ஆயுதம் என்றது பொய், எண்ணெய்தான் நோக்கம் என்கிறார்கள். இஸ்ரேலுக்காக என்கிறார்கள். இரட்டைக் கோபுரத்தை இடித்ததே அமெரிக்க அரசுதான் என்றுகூட ஒருவர் பேசுகிறார். போரின் உண்மையான உள்நோக்கம்தான் என்ன? அரசுகள் இப்படிப் பொய் சொன்னால் நம்மைப் போன்றவர்களுக்கு உண்மை தெரிய வழியே கிடையாது என்று தோன்றுகிறது. செய்தித்தாள் படிப்பதையே விட்டுவிட்டேன்.

க., தஞ்சாவூர்

அன்புள்ள க.,

கோபுரத்தை அரசே இடித்தது என்ற பேச்சை முதலில் ஒதுக்கி வையுங்கள். அதற்கு நான் நேரம் செலவிடப் போவதில்லை, நீங்களும் செலவிடாதீர்கள். நிரூபிக்கப்பட்ட ஏமாற்று ஒன்று கண்முன் கிடக்கும்போது கற்பனையான ஒன்றின் பின்னால் ஓடினால் லாபம் ஏமாற்றியவர்களுக்குத்தான்.

உள்நோக்கத்துக்கு வருவோம். ஒரே நோக்கம் என்று ஒன்று இருந்ததாக நான் நினைக்கவில்லை. 2001 செப்டம்பர் 11 பிற்பகலிலேயே, பின்லேடனோடு சேர்த்து சதாம் உசேனையும் தாக்க முடியுமா என்று அமெரிக்கப் பாதுகாப்பு அமைச்சர் ரம்ஸ்ஃபெல்ட் கேட்டதை அவருடைய உதவியாளர் குறித்து வைத்திருக்கிறார். துணை அமைச்சர் வுல்ஃபோவிட்ஸ் 2003 மே மாதப் பேட்டியில், எல்லோரும் ஒத்துக்கொள்ளக்கூடிய ஒரே காரணம் என்பதால் பேரழிவு ஆயுதத்தை மையக் காரணமாக வைத்தோம் என்று சொன்னார். எண்ணெய், பழைய பகை, அந்த வட்டாரத்தையே மாற்றி அமைக்கும் ஆசை என்று ஒவ்வொருவருக்கும் ஒரு காரணம் இருந்தது. அவை ஒன்றுகூட மக்கள் முன் மையக் காரணமாக வைக்கப்படவில்லை. வைக்கப்பட்டது ஆயுதம்தான். ஆகவே ஆராய வேண்டியதும் அதைத்தான்.

நீங்கள் மெக்கானிக்கல் மாணவர் என்பதால் ஒரு குழாயைப் பற்றிப் பேசலாம். ஈராக் 2001-இல் வாங்க முயன்றது சுமார் 60,000 அலுமினியக் குழாய்கள். 7075-டி6 கலவை, வெளிவிட்டம் 81 மில்லிமீட்டர், நீளம் 900, சுவர்த் தடிமன் 3.3. சீனாவில் தயாராகி வந்த ஒரு சரக்கு ஜோர்டானில் மடக்கப்பட்டது. யுரேனியம் செறிவூட்டும் மையவிலக்கியின் சுழலியாக இதைப் பயன்படுத்தப் போகிறார்கள் என்று சிஐஏவில் ஒரு பகுப்பாய்வாளர் எழுதினார். மேலே இருந்தவர்கள் அதைப் பிடித்துக்கொண்டார்கள்.

அந்தச் சுழலி எப்படி இருக்க வேண்டும்? யுரேனியம் ஹெக்ஸாஃபுளோரைடு வாயுவை உள்ளே விட்டு அசுர வேகத்தில் சுற்றினால் கனமான யுரேனியம்-238 சுவர்ப்பக்கம் ஒதுங்கும், அணுகுண்டுக்கு வேண்டிய 235 நடுவில் சற்றே கூடும். சுவரைத் தடிமனாக்கினால் பலம் கூடும் என்று நினைக்கத் தோன்றும். கூடாது. சுழலும் வளையத்தில் சேர்க்கிற ஒவ்வொரு கிராம் உலோகமும் தன் பங்குக்கு வெளியே இழுக்கிறது. தகைவு, அதாவது உலோகத்துக்குள் எழும் இழுப்பு, அதன் அடர்த்தியையும் விளிம்பின் வேகத்தையும் பொறுத்தது, தடிமனைப் பொறுத்ததல்ல. உங்கள் பாடத்திலேயே இருக்கும், எடுத்துப் பாருங்கள். தடிமனால் கிடைப்பது எடைதான், அந்தச் சுமை பேரிங்கின் தலையிலும் மோட்டாரின் தலையிலும் விழும். அதனால்தான் அந்த வகைச் சுழலிகளின் சுவர் 1.1 மில்லிமீட்டரைத் தாண்டுவதில்லை. ஈராக் கேட்டது அதைப்போல் மூன்று மடங்கு. போதாததற்கு அனோடைஸ் செய்த, அதாவது மேலே ஆக்சைடு பூச்சு ஏற்றிய குழாய்கள். அந்தப் பூச்சு வாயுவுக்கு ஒத்துவராது, சுரண்டி எடுத்துவிட்டுத்தான் பயன்படுத்த வேண்டும். ஈராக்கே 1991-க்கு முன்பு மிக வலுவான மரேஜிங் எஃகுக்கும் கார்பன் இழைக்கும் போய்விட்ட நாடு. அது எதற்காக மறுபடி அலுமினியத்துக்கு இறங்கி வரும்?

பிறகு எதற்கு இந்தக் குழாய்? 1996-லேயே சர்வதேச அணுசக்தி முகமையின் ஆய்வாளர்கள் பாக்தாதின் நாசர் தொழிற்சாலையில் இதே கலவையில் சுமார் 66,000 குழாய்களைப் பார்த்திருந்தார்கள். 81 மில்லிமீட்டர் ராக்கெட்டுக்கான உடல் அது. நீளம் 900, சுவர் 3.3. ஒரு மில்லிமீட்டர்கூட மாறவில்லை. அனோடைஸ் செய்யச் சொன்னதற்கும் காரணம் உண்டு: வெட்டவெளியில் கிடந்த பழைய ராக்கெட்டுகள் அரித்துப் போயிருந்தன. டாலரன்ஸை, அதாவது அளவில் அனுமதிக்கும் பிசகை, ஏன் இவ்வளவு இறுக்கினார்கள் என்பது பெரிய சந்தேகமாகக் கிளப்பப்பட்டது. ராக்கெட்டுகள் குறி தவறிச் சிதறி விழுந்துகொண்டிருந்தன. வடிவத்தை மாற்றுவதற்குப் பதில் பொறியாளர்கள் அளவை இறுக்கினார்கள், அவ்வளவுதான். அமெரிக்காவின் சொந்த 70 மில்லிமீட்டர் ராக்கெட்டுக்கும் அதே கலவைதான், அதற்கு ஈடான டாலரன்ஸ்தான். ரகசியக் கொள்முதல் என்றார்கள். தொலைநகலில் பல கம்பெனிகளிடம் கொட்டேஷன் கேட்டு, விலையில் பேரம் பேசி வாங்கியது ரகசியமா?

இதை முதலில் சொன்னவர்கள் யார் தெரியுமா? அமெரிக்க எரிசக்தித் துறையின் ஆட்கள். டென்னசியில் உள்ள ஓக் ரிட்ஜில் மையவிலக்கிகளைத் தாங்களே கட்டி ஓட்டிப் பார்த்தவர்கள். 2001 மே மாதமே எழுதிக் கொடுத்துவிட்டார்கள்.

இனி நான் சொல்லப்போவதை நிதானமாகப் படியுங்கள். 2002 அக்டோபரில் அரசு ஒரு வெள்ளை அறிக்கை வெளியிட்டது. குழாய்களைப் பற்றி அதில் இருந்தது இதுதான்: இவை மையவிலக்கிக்குப் பயன்படக்கூடும் என்பதை எல்லா நிபுணர்களும் ஏற்கிறார்கள். நோக்கமும் அதுவே என்று பெரும்பாலோர் மதிப்பிடுகிறார்கள். அநேகமாக வழக்கமான ஆயுதங்களுக்காகத்தான் இருக்கும் என்று சிலர் கருதுகிறார்கள்.

இதில் எந்த வாக்கியம் பொய்? ஒன்றும் இல்லை! ‘பயன்படக்கூடும்’ என்பது உண்மை, சுரண்டிக் கடைந்து பாடுபட்டால் எதுவும் பயன்படக்கூடும். ‘பெரும்பாலோர்’ என்பதும் உண்மை, தலைகளை எண்ணினால். ஏமாற்று முழுவதும் ‘சிலர்’ என்ற மூன்றெழுத்தில் இருக்கிறது. அந்தச் சிலர்தான் நாட்டில் மையவிலக்கி தெரிந்தவர்கள். அந்தப் பெரும்பாலோர் அதைக் கட்டிப் பார்க்காதவர்கள். இதய நோய் மருத்துவர் ஒருவர் வேண்டாம் என்கிறார், காதுக்கும் கண்ணுக்கும் பார்க்கும் ஆறு பேர் அறுவை செய்யலாம் என்கிறார்கள். ‘பெரும்பாலான மருத்துவர்கள் பரிந்துரைக்கிறார்கள்’ என்று உங்களிடம் சொன்னால் அது என்ன உண்மை? யார் அந்தச் சிலர் என்பது, வெள்ளை அறிக்கைக்கு அடிப்படையான ரகசிய மூல அறிக்கையில் இருந்தது. எரிசக்தித் துறை என்ற பெயரோடும், வெளியுறவுத் துறையின் உளவு ஆய்வுப் பிரிவு எழுதிய நீண்ட மறுப்போடும் இருந்தது. மக்களுக்கு வந்த பிரதியில் பெயர் போய்விட்டது. வேறு இடங்களில் ‘என்று கருதுகிறோம்’ என்பதும் போய்விட்டது. தமிழில் அது வாக்கியத்தின் கடைசியில் ஒட்டிக்கொண்டிருக்கும். அதை மட்டும் நறுக்கிவிட்டால் ஊகம் உண்மையாகிவிடும்.

அப்பட்டமான போலியைப் பிடிப்பது எளிது. நைஜரிலிருந்து யுரேனியம் வாங்கினார்கள் என்ற ஆவணத்தில் 2000-ஆம் ஆண்டுக் கடிதம் ஒன்றில் 1989-லேயே பதவியை விட்டுப் போன அமைச்சரின் கையெழுத்து இருந்தது. அணுசக்தி முகமை அது போலி என்று 2003 மார்ச் 7 அன்று அறிவித்தது. ‘சிலர்’ என்ற சொல்லை எந்த முகமை போலி என்று அறிவிக்கும்?

அமெரிக்க நாடாளுமன்றத்தில் மூல அறிக்கையை முழுதாகப் படித்த உறுப்பினர்கள் மிகக் குறைவு. படித்த செனட்டர் பாப் கிரஹாம் போருக்கு அனுமதி தரும் தீர்மானத்தை எதிர்த்து வாக்களித்தார். ஆனால் தீர்மானம் செனட்டில் 77-க்கு 23, கீழவையில் 296-க்கு 133 என்று நிறைவேறியது. போர் வந்தது. குழாய்கள் ராக்கெட்டுக்கு உரியவையே என்று அமெரிக்காவே அனுப்பிய ஆய்வுக் குழு 2004-இல் எழுதியது. ராக்கெட்டுக்கு இவை ஏற்றவை அல்ல என்று தவறாகச் சொன்ன இராணுவ உளவு மையத்தின் பகுப்பாய்வாளர்களுக்கு ஆண்டுதோறும் செயல்திறன் பரிசு கிடைத்தது. தூரத்து நாட்டு விவகாரம் என்று எண்ணிவிடாதீர்கள். 2003-இல் இந்தியாவிடம் ஒரு டிவிஷன் படை கேட்டார்கள், ஜூலை 14 அன்று வாஜ்பாய் அரசு மறுத்தது. மறுக்காமல் இருந்திருந்தால் இந்தக் குழாய்க்காக உங்கள் வயதுப் பையன்கள் நம் ஊர்களிலிருந்தும் போயிருப்பார்கள்.

நீங்கள் மனம் சோர்ந்து எழுதியிருக்கிறீர்கள், புரிகிறது. இந்த வயதில் ஏமாற்றப்பட்டோம் என்று தெரிவது வலிக்கத்தான் செய்யும். ஆனால் ‘வழியே கிடையாது’ என்று எழுதினீர்களே, அதை ஏற்கவே மாட்டேன். அது சோம்பலுக்கு நீங்கள் சூட்டியிருக்கும் கௌரவமான பெயர். செய்தித்தாளை விட்டுவிட்டு காணொளிக்குப் போனதில் உங்களுக்கு என்ன கிடைத்தது? 2002 செப்டம்பர் 8 அன்று குழாய்ச் செய்தி நியூயார்க் டைம்ஸில் முதல் பக்கத்தில் வந்தது. அதிகாரிகள் கசியவிட்ட செய்தி. அன்று காலையிலேயே துணை அதிபர் செனி தொலைக்காட்சியில் அந்தப் பத்திரிகையையே சான்றாகக் காட்டினார். இதைச் சொல்லித்தான் காணொளிக்காரர்கள் பத்திரிகைகளைத் திட்டுகிறார்கள். பதினொரு நாள் கழித்து வந்ததைச் சொல்ல மாட்டார்கள். குழாய்கள் அணு ஆயுதத்துக்குத்தானா என்று வல்லுநர்கள் ஐயப்படுகிறார்கள், அவர்களை வாய் திறக்க விடுவதில்லை என்ற செய்தி வாஷிங்டன் போஸ்டில் செப்டம்பர் 19 அன்று அச்சாகிவிட்டது. போருக்கு ஆறு மாதம் முன்பு. பதினெட்டாம் பக்கத்தில்.

நாளை காலை பத்திரிகை வாங்குங்கள். உள்பக்கங்களிலிருந்து தொடங்குங்கள்.