ஸ்காட்டை இப்போதே கைவிட வேண்டாம்

வணக்கம் நண்பரே. டானர் ஸ்காட்டை விடுவித்துவிட்டு ரோகி சசாகியை நிரந்தர குளோசர் (கடைசி இன்னிங்ஸில் வந்து ஆட்டத்தை முடித்துக் கொடுப்பவர்) ஆக்கினால், லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸ் பேஸ்பால் அணியின் புல்பென் (ஆட்டத்தின் நடுவில் இறங்கும் மாற்றுப் பந்துவீச்சாளர்கள்) சரியாகிவிடாதா என்று கேட்டிருக்கிறீர்கள். உங்கள் ஆதங்கம் புரிகிறது. 2025 சீசனில் 10 சேவ் வாய்ப்புகளை (சிறிய முன்னிலையைக் கடைசிவரை காப்பாற்றும் வாய்ப்புகளை) கோட்டைவிட்ட ஸ்காட் மீண்டும் பந்துவீச வந்தால் வயிற்றைக் கலக்கத்தான் செய்யும்.

ஆனால் அவருடைய ஒப்பந்தம் 4 ஆண்டு, 7.2 கோடி டாலர். விடுவித்தாலும் மிச்சப் பணத்தை அணி கொடுத்தே தீர வேண்டும். 5 ஆண்டுக்கு மேல் மேஜர் லீக் அனுபவம் உள்ளவர், அதனால் அவர் சம்மதம் இல்லாமல் கீழ்நிலைத் தொடரான மைனர் லீகுக்கும் அனுப்ப முடியாது. 2024-இல் இவருடைய ஈஆர்ஏ (ஒன்பது இன்னிங்ஸுக்குச் சராசரியாக விட்டுக்கொடுத்த ரன்; குறைந்தால் நல்லது) 1.75 என்பதையும் மறக்காதீர்கள். இவரைப் போன்ற ரிலீவர்கள், அதாவது மாற்றுப் பந்துவீச்சாளர்கள், ஒரு சீசனில் ஏறக்குறைய 60 இன்னிங்ஸ்தான் வீசுகிறார்கள். அதை வைத்து ஒருவரை எழுதித் தள்ளுவது அவசரம். கடைசியான ஒன்பதாவது இன்னிங்ஸை மட்டும் அவரிடமிருந்து எடுத்துவிட்டு, ஏழாவது எட்டாவதில் இடதுகை பேட்டர்கள் வரும்போது இறக்கலாம்.

சசாகி ஸ்டார்ட்டராகவே (ஆட்டத்தைத் தொடங்கிப் பல இன்னிங்ஸ் வீசுபவராகவே) இருக்கட்டும். 2025 அக்டோபர் பிளேஆஃப் ஆட்டங்களில் அபாரமாக முடித்துக் கொடுத்தார், சரி. 24 வயதில் அந்தக் கையை ஒரே இன்னிங்ஸுக்குள் சுருக்குவது பெரிய வீண். குளோசரை வெளியில்தான் தேட வேண்டும்.

அப்புறம், அணியின் 26 பேரில் 13 பந்துவீச்சாளர்கள் என்ற வரம்பில் டாட்ஜர்ஸின் ஓதானி வர மாட்டார், அவர் பந்துவீச்சு, பேட்டிங் இரண்டும் செய்யும் இருவகை வீரர். அந்தக் கூடுதல் இடத்தை ஆப்ஷன் மிச்சமுள்ள (சம்மதம் கேட்காமல் மைனர் லீகுக்கு அனுப்பக்கூடிய) இளம் பந்துவீச்சாளர்களுக்குக் கொடுத்து மாற்றி மாற்றி அழைக்கலாம். மைனர் லீகுக்குப் போனவர் பொதுவாக 15 நாள் கழித்துத்தான் திரும்ப முடியும், அதனால் இரண்டு மூன்று பேர் தயாராக இருக்க வேண்டும்.