ஊசி வேற, போத்தல் வேற

கேள்வி: அக்கா, எனக்கு 24 வயசு, புதுக்குடியிருப்பு. ஏ.எல். படிக்கேக்க வந்த பரு இப்ப இல்லை, ஆனா ரெண்டு கன்னமும் பள்ளம் பள்ளமாக் கிடக்கு. டவுணில ஒரு பார்லரில மைக்ரோநீட்லிங் செய்து அதுக்கு மேல ஸ்டெம் செல் சீரம் பூசினா மூண்டு தரத்தில மாறிடும் எண்டு சொல்லினம். ஆவணியில அண்ணான்ர கலியாணம் வேற வருது, செய்யட்டோ?

பதில்: தங்கச்சி, ரெண்டையும் சேர்த்து ஒரு விலை சொல்லுறதாலதான் உங்களுக்குக் குழப்பம். தழும்புக்கு வேலை செய்யிறது ஊசி, அதுதான் மைக்ரோநீட்லிங். ஒண்டரை ரெண்டு மில்லிமீற்றர் ஆழத்துக்கு நுணுக்கமாக் குத்த, தோல் அந்தக் காயத்தை ஆத்தப் போய் உள்ளுக்க புதுசா கொலாஜன் எண்ட புரதத்தைக் கட்டும், பள்ளம் மெல்ல மெல்ல மேல வரும். மெல்ல எண்டா மெல்லத்தான், மாசத்துக்கு ஒருக்கா எண்டு மூண்டில இருந்து ஆறு தரம், பலன் முழுசாத் தெரிய இன்னும் மாசக்கணக்கு எடுக்கும். அகலப் பள்ளத்துக்கு நல்லாக் கேக்கும். ஒடுங்கின ஆழக் குழிக்கு அவ்வளவு கேக்காது, அதுக்கு டொக்டர்மார் டீ.சி.ஏ. அமிலத்தைக் குழிக்குள்ள தொட்டு வைப்பினம்.

இனி போத்தல், அந்த ஸ்டெம் செல் சீரம். ஸ்டெம் செல் எண்டா வேற வேற செல்லா மாறக்கூடிய தாய்ச் செல். அலுமாரியில கிடக்கிற போத்தலுக்க செல் உயிரோட இருக்குமே? அனேகமா அப்பிள் மாதிரி ஏதும் செடியின்ர சாறு, இல்லாட்டி மனிச செல் வளர்த்த திரவம், அதில இருந்து பிரிச்ச எக்சோசோம், அதாவது செல் வெளியில விடுற நுண்ணிய குமிழி. 2020ல வந்த ஒரு கொரிய ஆய்வில 25 பேரின்ர முகத்தில ஒரு பக்கம் எக்சோசோம் பூசிப் பாத்தவை, பூசின பக்கம் கொஞ்சம் கூடத் தேறினது உண்மைதான், ஆனா அது லேசரோட செய்தது, ஊசியோட இல்லை, உங்கட பார்லர் போத்தலுக்க இருக்கிறதும் அதுதான் எண்டு ஆர் கண்டது? அமெரிக்காவில மருந்துகளுக்கு அனுமதி குடுக்கிற எஃப்.டி.ஏ. 2018ல பருத்தழும்புக்கு ஒரு ஊசிப் பேனைக்கு அனுமதி குடுத்தது, எக்சோசோம் சாமான் ஒண்டுக்கும் குடுக்கேல்ல.

காசு போறது ஒரு பக்கம், எனக்குப் பயம் மற்றதுதான். சும்மா பூசினா தோலுக்கு மேலயே நிக்கிற வாசனையும் பிரிசர்வேற்றிவும் குத்தின ஓட்டையால உள்ளுக்க இறங்கிடும். சீரம் பூசி ஊசி குத்தின மூண்டு பெண்களுக்கு முகத்தில கட்டி கட்டியா வந்ததை 2014ல தோல் டொக்டர்மார் எழுதியிருக்கினம், அதில ரெண்டு பேருக்கு மாட்டினது ஸ்டெம் செல் கூட இல்லை, நாங்கள் சாதாரணமாப் பூசுற விற்றமின் சி!

ஊசி புதுசோ, கண்ணுக்கு முன்னால பைக்கற்றை உடைக்கினமோ எண்டும் பாக்கோணும், ஒராளுக்குக் குத்தினதை மற்றாளுக்குக் குத்தினா ஹெப்பற்றைற்றிஸ் பீ வரைக்கும் தொத்தும். எங்கட நிறத்துக்கு குத்தின இடம் கறுக்கவும் பாக்கும், இந்த வெயிலுக்க ஸ்கூட்டியில திரிஞ்சா கேக்கவே வேண்டாம், சன்ஸ்கிரீன் பூசி தொப்பியும் போடுங்கோ.

முதல்ல ஆஸ்பத்திரி ஓ.பீ.டி.யில காட்டி தோல் கிளினிக்குக்குத் துண்டு எழுதி வாங்குங்கோ, காசில்லை, லைனில நிக்கிறதுதான் பாடு. பருவுக்குக் குளிசை ஏதும் போட்டிருந்தா, காயம் தடிச்சு வளருற தோல் எண்டா அதையும் மறைக்காமச் சொல்லுங்கோ. டொக்டர் ஊசி சரி எண்டா ஊசியை மட்டும் செய்யுங்கோ, கலியாணத்துக்குக் கிட்டவா வைக்காதேங்கோ, ஒரு மாசம் முன்னமே நிப்பாட்டுங்கோ. மிச்சத் தரத்தை ஐப்பசியிலயும் குத்தலாம்.