கார் கிளிப் சந்தேகங்கள்: கேளுங்கள், சொல்கிறேன்

மதுரையிலிருந்து: பழைய ஆல்ட்டோ. கதவின் உள்பக்க மூடியான டோர் பேடைக் கழற்றியபோது, அதைத் தகட்டோடு பிடித்திருக்கும் கிளிப்பில் நான்கு உடைந்துவிட்டது. மீதி மூன்று நன்றாகத்தான் இருக்கிறது. எல்லாவற்றையும் மாற்ற வேண்டுமா?

மாற்றிவிடுங்கள். ஏழும் ஒரே வெயிலில் வெந்தவை. இந்த கிளிப்புகள் பெரும்பாலும் நைலான். கொஞ்சம் ஈரம் இருக்கும்வரைதான் நைலான் வளைந்து கொடுக்கும். வருடக்கணக்கில் சூட்டில் காய்ந்தால் மொறமொறவென்று ஆகிவிடும். அந்த மூன்றும் அடுத்த முறை கழற்றும்போது உடையும்.

வாங்கும் முன் துளையை அளந்து பாருங்கள். தகட்டுத் துளையின் விட்டம், கிளிப் தலையின் அகலம், கழுத்தின் நீளம் மூன்றும் வேண்டும். துளை 8 மி.மீ. என்று வையுங்கள். 7க்கான கிளிப் போட்டால் கதவு சாத்தும்போதெல்லாம் கடகடக்கும். 9க்கானதைக் குத்தி ஏற்றினால் பேடின் பின்னால் கிளிப் உட்காரும் இடமே பிய்ந்துவிடும். சில ரூபாய் கிளிப்புக்காக முழு பேடும் போகும்.

பழைய கிளிப்பின் கழுத்தில் ரப்பர் அல்லது நுரை வளையம் இருந்தால் புதியதிலும் இருக்கட்டும். மழைத் தண்ணீர் கதவுக்குள் இறங்கி அடியில் வழிவது இயல்பு. வளையம் இல்லையென்றால் துளை வழியே கசிந்து மிதியடி நனையும். தகட்டில் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் ஷீட்டையும் கிழிக்காதீர்கள். அதற்கும் அதே வேலைதான்.

கழற்றும்போது கைப்பிடிக்குள்ளும் லீவருக்குப் பின்னாலும் மறைந்திருக்கும் ஸ்க்ரூக்களை முதலில் எடுங்கள். பிறகு கீழ் ஓரத்திலிருந்து, கிளிப்புக்கு நெருக்கமாகப் பிளாஸ்டிக் நெம்புகோலைக் கொடுங்கள். கண்ட இடத்தில் நெம்பினால் பேட் உடையும்.

கோவையிலிருந்து: வீல் லைனர் (சக்கரத்துக்கு மேலே உள்ள பிளாஸ்டிக் மறைப்பு) கிளிப்பின் நடு ஊசி வரவே மாட்டேன் என்கிறது.

அதில் இரண்டு வகை உண்டு. தலையைச் சுற்றி நெம்ப இடம் விட்டிருந்தால் ஊசியை வெளியே தூக்க வேண்டும். மழமழவென்று தலையோடு சமமாக இருந்தால், மொட்டைக் கம்பியால் 2, 3 மி.மீ. உள்ளே அழுத்துங்கள், பூட்டு விடும். மொத்தமாக உள்ளே தள்ளிவிடாதீர்கள். திரும்பப் போடும்போது ஊசியைப் பின்னாலிருந்து தள்ளி வெளியே நீட்டிவிட்டு, துளையில் வைத்து, தலையோடு சமமாக அழுத்துங்கள். சேறு இறுகியிருந்தால் முதலில் தண்ணீர் பீய்ச்சிக் கழுவுங்கள்.

திருச்சியிலிருந்து: என் காருக்கு என்ன சைஸ் கிளிப்?

துளையை அளந்து பாருங்கள்.

நெல்லையிலிருந்து: டிக்கி ஓர மூடிக்கு கிளிப்பே வேண்டாம், தகட்டு ஸ்க்ரூ அடித்துவிடலாம் என்கிறார் மெக்கானிக்.

வேண்டாம். ஸ்க்ரூ தகட்டின் பெயின்டை அறுக்கும், அங்கே துரு பிடிக்கும். டிக்கி ஓரத்தில் உள்ளே ஒயர் கட்டு போகிறது, நுனி அதைக் கிழிக்கும். அதைவிட முக்கியம், இழுத்தால் முதலில் கிளிப் உடைய வேண்டும். அப்போதுதான் பேடும் தகடும் தப்பிக்கும்.

சேலத்திலிருந்து: நான் ஆறு வருடமாக ஸ்க்ரூதான் போட்டிருக்கிறேன், ஒன்றும் ஆகவில்லை.

ஸ்க்ரூவைக் கழற்றித் துளை ஓரத்தை டார்ச் அடித்துப் பாருங்கள், அண்ணா. எங்கள் பட்டறைக்கு அப்படி வந்த ஒரு வண்டியில் பின் கதவுத் துளை சுண்டுவிரல் நுழையும் அளவுக்கு அரித்திருந்தது. பிறகு எந்த கிளிப்பும் பிடிக்கவில்லை, வெல்டிங் வைக்க வேண்டியதாயிற்று. கம்பெனியே ஸ்க்ரூ வைத்த இடத்தில் ஸ்க்ரூ போடுங்கள், நான் தடுக்கவில்லை. கிளிப் இருந்த இடத்தில் கிளிப்.

ஈரோட்டிலிருந்து: சூப்பர் க்ளூ?

வேண்டாம். அடுத்த முறை கண்ணாடி மோட்டாரைப் பார்க்க பேடை உடைக்க வேண்டிவரும்.

தஞ்சையிலிருந்து: ஜன்னல் ஓரத் தூண் மூடியில் சாதாரண கிளிப் போடலாமா?

கர்ட்டன் ஏர்பேக் (மோதினால் ஜன்னல் மேல் திரைபோல விரியும் காற்றுப்பை) உள்ள வண்டியா? அப்படியென்றால் கூடவே கூடாது. பை விரியும்போது மூடி பறந்து முகத்தில் அடிக்காமல் இருக்க, பல வண்டிகளில் அங்கே பட்டை கோத்த தனி கிளிப் இருக்கும். ஒரு தடவை கழற்றினால் புதியது போட வேண்டிய வகையும் உண்டு. கம்பெனி பாகமே வாங்குங்கள். பேட்டரி நெகட்டிவைக் கழற்றி, கையேட்டில் சொன்ன நேரம் காத்திருந்த பிறகே கை வையுங்கள். பழக்கம் இல்லையென்றால் சர்வீஸ் சென்டரிடம் விட்டுவிடுங்கள்.

கரூரிலிருந்து: பெயின்ட் கீறலுக்கு என்ன செய்யலாம்?

என் துறை இல்லை, பெயின்டரிடம் கேளுங்கள்.

சென்னையிலிருந்து: கலந்து வைத்த கிளிப் டப்பா வாங்கலாமா? சைஸ் தெரியவில்லை.

துளையை அளந்து பாருங்கள், மூன்றாவது முறையாகச் சொல்கிறேன். டப்பாவில் உங்களுக்கு ஆகிறது நாலைந்துதான் இருக்கும். உடையாத பழைய கிளிப் ஒன்றைக் கையில் எடுத்துக்கொண்டு, கார் பாகங்கள் விற்கும் ஜி.பி. ரோட்டுக்குப் போய், பக்கத்தில் வைத்துப் பார்த்து வாங்குங்கள். இரண்டு கூடுதலாகவே வாங்குங்கள். புதியது இறுக்கமாக இருந்தால் வெந்நீரில் சில நிமிடம் போட்டு எடுங்கள், வளைந்து கொடுக்கும்.