லேபிளை மூன்று முறை பார்த்தும் ஊசி வழி மாறியது எப்படி?

கேள்வி: டாக்டர், பட்டர்வொர்த்திலிருந்து எழுதுகிறேன். தனியார் மருத்துவமனை ஒன்றில் தாதியாகச் சேர்ந்து ஏழு மாதம் ஆகிறது. போன வாரம் பென்ஸாதீன் பென்சிலினைக் கலக்கி, நோயாளியின் ஐ.வி. (இரத்தக்குழாய் வழி) லைனில் ஏற்றப் போனேன். கடைசி நொடியில் சீனியர் தாதி கையைப் பிடித்துத் தடுத்தார். லேபிளை மூன்று முறை பார்த்திருந்தேன். பிறகும் எப்படித் தவறினேன்?

பதில்: மூன்று முறையும் உங்கள் கண் பார்த்தது 'பென்சிலின்' என்ற சொல்லை மட்டும்தான். அதற்கு முன்னால் இருந்த 'பென்ஸாதீன்' கண்ணில் பட்டும் மனதில் ஏறவில்லை. வார்டில் தினமும் புழங்குவது பென்ஸைல் பென்சிலின், அது ஐ.வி.யில் போகும். பெயரும் பாதி ஒன்று, குப்பியில் இருப்பதும் அதே வெள்ளைத் தூள். கை பழகிய வழியில் போய்விட்டது.

கலக்கிய பிறகு வித்தியாசம் தெரியும். பென்ஸைல் பென்சிலின் தெளிந்த நீராகிவிடும். பென்ஸாதீன் பால்போல் கலங்கி நிற்கும், ஏனென்றால் அது கரைவதில்லை. அந்தத் துகள்கள் தசையில் தங்கி, வாரக்கணக்கில் மெல்ல மெல்ல இரத்தத்தில் சேர வேண்டும். அதற்காகவே அப்படிச் செய்திருக்கிறார்கள். நேரே இரத்தக்குழாயில் ஏற்றினால் இதயமும் மூச்சும் நின்றுபோகலாம். அதற்காக, பால் நிறமென்றால் ஐ.வி. கூடாது என்று கணக்குப் போட்டுவிடாதீர்கள். மயக்க மருந்தான புரோபோஃபாலும் வெள்ளைதான், அது ஐ.வி. மருந்து. வழியை லேபிளில்தான் பார்க்க வேண்டும், நிறத்தில் அல்ல.

இன்னொன்று கேட்கிறேன். மருந்தை இழுத்ததும் குப்பியைக் குப்பையில் போட்டுவிட்டீர்களா? பலர் செய்வது அதுதான். அப்புறம் கட்டிலருகே மூன்றாவது முறை எந்த லேபிளைப் பார்ப்பது? ஊசி போட்டு முடியும்வரை குப்பி டிரேயிலேயே இருக்கட்டும். இழுத்த உடனே சிரிஞ்சில் மருந்தின் பெயர், அளவு, வழி மூன்றையும் எழுதி ஒட்டுங்கள். அலமாரியில் எடுக்கும்போது, இழுக்கும்போது, கட்டிலருகே என்று மூன்று இடத்திலும் பெயரை முழுதாக, வாய்விட்டு, டாக்டர் எழுதிய மருந்துச் சீட்டோடு ஒப்பிட்டுப் படியுங்கள். வழியைத் தனியாக ஒரு முறை சொல்லுங்கள் (ஐ.எம். என்றால் தசை வழி): "பென்ஸாதீன், ஐ.எம்." காதில் விழுந்தால் கை தயங்கும்.

சீட்டிலும் பொறி உண்டு. யூனிட் என்பதை 'ஐ.யூ.' என்று ஆங்கிலத்தில் கிறுக்கினால் 'ஐ.வி.' போலத் தெரியும். சந்தேகம் வந்தால் எழுதிய டாக்டரையே கேளுங்கள். முகம் சுளித்தால் சுளிக்கட்டும்.

கரைப்பானும் வழியைப் பொறுத்ததே. செஃப்ட்ரியாக்சோன் என்ற ஆன்டிபயாடிக்கை ஐ.எம். போட, வலி குறைய, லிக்னோகெயின் என்ற மரப்பு மருந்தில் கலப்பார்கள். அப்படிக் கலந்ததை ஐ.வி.யில் கொடுக்கவே கூடாது. அட்ரினலினும் அப்படித்தான்: கடும் ஒவ்வாமைக்குப் பெரியவர்களுக்கு 1 மில்லிக்கு 1 மில்லிகிராம் உள்ள ஆம்ப்யூலிலிருந்து அரை மில்லி, தொடையின் வெளிப்பக்கத் தசையில். அதையே நீர்க்காமல் இரத்தக்குழாயில் தள்ளினால் இதயத்துடிப்பு தாறுமாறாகிவிடும்.

பென்ஸாதீனைப் போடும்போது பச்சை நிற 21 அளவு ஊசியோ அதைவிடப் பெரியதோ வேண்டும், சிறியது அடைத்துக்கொள்ளும். சிபிலிஸுக்கு 24 லட்சம் யூனிட் என்றால் 12 லட்சமாகப் பிரித்து இரண்டு பிட்டத்திலும், நிதானமாக, நிறுத்தாமல் தள்ளுங்கள். பாதியில் நிறுத்தினால் ஊசிக்குள் கட்டிப்போகும்.

ஆளைச் சரிபார்க்க "லெட்சுமி அம்மாதானே?" என்று கேட்காதீர்கள், வயதானவர்கள் எதற்கும் தலையாட்டுவார்கள். "உங்கள் பெயர் என்னம்மா?" என்று கேட்டு, கைப்பட்டையிலுள்ள ஐ.சி. (அடையாள அட்டை) எண்ணோடு சேர்த்துப் பாருங்கள்.

தவறி ஐ.வி.யில் ஏறிவிட்டால் அங்கேயே நிறுத்துங்கள். கையில் செருகியிருக்கும் ஐ.வி. குழாயான கேனுலாவைப் பிடுங்காதீர்கள், அவசர மருந்துக்கு அதுதான் வழி. உதவிக்குக் கூப்பிட்டு, டாக்டரிடம் உடனே சொல்லுங்கள். குப்பியையும் சிரிஞ்சையும் பத்திரப்படுத்துங்கள். உங்களுக்கு நேர்ந்ததுபோல் கடைசி நொடியில் தப்பியதையும் சம்பவ அறிக்கையில் எழுதலாம். இரண்டு பென்சிலினும் ஒரே தட்டில் அடுக்கியிருந்தால், தட்டை மாற்ற வைப்பது அந்த அறிக்கைதான்.