தாத்தாவின் டிரங்குப் பெட்டியில் கையெறி குண்டு: விற்கலாமா, வைத்திருக்கலாமா?

கேள்வி: என் தாத்தா இரண்டாம் உலகப் போரில் பர்மா முனையில் இருந்தவர். பரணில் கிடந்த அவருடைய டிரங்குப் பெட்டியைப் போன மாதம் இறக்கினோம். உள்ளே பீரங்கிக் குண்டின் ஒரு பெரிய பித்தளை ஷெல் உறை, சுட்டுப்போட்ட சில துப்பாக்கித் தோட்டா உறைகள், அப்புறம் அன்னாசிப்பழம் போலக் கட்டம் கட்டமாக ஓர் இரும்புக் கையெறி குண்டு. குண்டின் அடிமூடியில் '36 எம்' என்றும் ஏதோ கம்பெனியின் எழுத்துகளும் இருக்கின்றன. பழம்பொருள் வாங்கும் ஒருவர் படத்தைப் பார்த்துவிட்டு, "இது டம்மிதான், மருந்து இருக்காது. முத்திரை தெளிவாக இருப்பதால் நல்ல விலை தருகிறேன். மூடியைத் திருகி உள்ளே காலி என்று ஒரு வீடியோ அனுப்புங்கள்" என்கிறார். சட்டப்படி இதை விற்கலாமா? அல்லது நினைவுப் பொருளாக வைத்துக்கொள்ளலாமா?
— வாசகர், சிவகங்கை மாவட்டம்

பதில்: மூடியைத் திறக்காதீர்கள். பெட்டி இருக்கும் அறையைப் பூட்டிவிட்டு, குழந்தைகள் அந்தப் பக்கம் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். சட்டத்தை அதற்கப்புறம் பேசுவோம்.

உங்களிடம் இருப்பது 'மில்ஸ் குண்டு'. இங்கிலாந்தின் பர்மிங்காமைச் சேர்ந்த வில்லியம் மில்ஸ் 1915-ல் கொண்டுவந்த வடிவமைப்பின் பிந்தைய மாதிரிதான் 36. 'எம்' என்பது மெசபடோமியாவைக் குறிக்கும்; வெப்ப நாடுகளில் ஈரம் உள்ளே போகாதபடி அரக்கு வைத்து அடைத்த வகை. பர்மா போர்முனையில் இருந்தவரின் பெட்டியில் இது இருப்பதில் வியப்பில்லை.

ஆனால் அந்த எழுத்துகளை வைத்துக் குண்டு காலி என்று சொல்ல முடியாது. இரும்பு ஓடு வார்த்தது ஓர் ஆலை, அடிமூடியைச் செய்தது இன்னோர் ஆலையாக இருக்கலாம், மருந்து நிரப்பியது வேறோர் இடம். ஒரே மாதிரிக்கான மூடிகள் எல்லாம் ஒரே மரை என்பதால், ஒருவர் செய்த மூடி இன்னொருவர் வார்த்த ஓட்டிலும் பொருந்தும். எனவே மூடியில் பதிந்திருப்பது மாதிரி எண்ணையும், மூடியைச் செய்தவர் யார், எந்த ஆண்டு என்பதையும் சொல்லும். சேகரிப்பாளர்கள் விலை பேசுவது இந்த வேறுபாடுகளுக்குத்தான். மருந்து நிரப்பியதற்கான அடையாளங்களோ உலோகத்தில் பதிந்தவை அல்ல, பெயிண்ட்: இடுப்பைச் சுற்றி ஒரு பச்சைப் பட்டை, அதற்கு மேலே சிவப்பில் வரிசையாகப் பெருக்கல் குறிகள். 80 ஆண்டுகளில் பெயிண்ட் உதிர்ந்துபோகும், உலோகத்தில் பதிந்த எழுத்து நிற்கும். பட்டை இல்லாததால் மருந்தும் இல்லை என்று யாரும் முடிவுகட்டக் கூடாது. பயிற்சிக்கான டம்மிகளில் ஓட்டிலேயே துளை போட்டிருப்பதுண்டு. உங்கள் கடிதத்தில் துளை பற்றிய பேச்சே இல்லை. இருந்தாலும் அதைப் பார்த்து முடிவு சொல்ல வேண்டியவர் வெடிகுண்டு நிபுணர். நீங்களோ நானோ வாங்க வருபவரோ இல்லை.

இனி சட்டம். 1959-ம் ஆண்டின் ஆயுதச் சட்டம், பிரிவு 2(1)(பி)-யில் 'வெடிபொருள் தளவாடம்' என்பதற்குள் குண்டு, கையெறி குண்டு, ஷெல் ஆகியவற்றைச் சேர்க்கிறது. வெடிமருந்து உள்ள பொருளோடு நிற்காமல், வெடிமருந்தைக் கொள்ளும்படி வடிவமைத்த பொருளையும் சேர்க்கிறது. அவற்றின் பாகங்களையும் விடவில்லை. பிரிவு 2(1)(எச்) கையெறி குண்டைத் 'தடைசெய்யப்பட்ட' வகையிலேயே வைக்கிறது. மத்திய அரசின் சிறப்பு அனுமதி இல்லாமல் அதை வைத்திருந்தால் பிரிவு 7 மீறல். 2019 திருத்தத்துக்குப் பிறகு அதற்குக் குறைந்தபட்சம் 7 ஆண்டு, அதிகபட்சம் 14 ஆண்டு சிறை. விற்றால் குறைந்தபட்சமே 10 ஆண்டு, ஆயுள் வரை போகலாம். உள்ளே மருந்து இருப்பது தெரியவந்தால் 1908-ம் ஆண்டின் வெடிபொருட்கள் சட்டமும் சேரும்.

மருந்தில்லாத வெற்று ஓடு 'கையெறி குண்டு' ஆகுமா என்று நீதிமன்றத்தில் வாதாட இடம் உண்டு. வழக்கு வந்தால் நானே அந்த வாதத்தை வைப்பேன். ஆனால் 'வடிவமைத்த' என்ற சொல் நமக்கு எதிராகவே நிற்கிறது. பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் காலிக் குண்டு ஓடுகளை வெளிப்படையாக வாங்கி விற்கிறார்கள், இணையத்தில் அந்த வீடியோக்கள் நிறைய இருக்கின்றன. அங்குள்ள சட்டம் வேறு. அதைப் பார்த்து இங்கே கடை விரிக்க முடியாது.

இத்தனை நாள் பரணில் கிடந்ததற்கு உங்கள் மேல் குற்றம் வருமா? பொருள் தன்னிடம் இருப்பதை அறிந்து வைத்திருந்தால்தான் குற்றம் என்று உச்ச நீதிமன்றம் 1972-ல் குன்வந்த்லால் வழக்கிலும், 1994-ல் சஞ்சய் தத் வழக்கிலும் தெளிவாக்கியிருக்கிறது. போன மாதம் வரை உங்களுக்குத் தெரியாது, சரி. இப்போது தெரியும். உங்கள் பாதுகாப்பு எல்லாம் இனி எவ்வளவு சீக்கிரம் தகவல் சொல்கிறீர்கள் என்பதில்தான் இருக்கிறது. அந்தப் பழம்பொருள்காரரோடு நடந்த வாட்ஸ்அப் உரையாடலை அழிக்காதீர்கள். விற்க மாட்டேன் என்று அதிலேயே ஒரு வரி எழுதிவிடுங்கள்.

பித்தளைகளின் கதை கொஞ்சம் வேறு. ஷெல் உறை வாய் திறந்திருக்கும், உள்ளே காலியா என்பது பார்த்தாலே தெரியும். அடித்தட்டின் நடுவில் இருக்கும் பிரைமரில் (மருந்தைப் பற்றவைக்கும் சிறு பாகம்) ஊசி குத்திய பள்ளம் இருந்தால் அது சுட்ட உறை. பள்ளம் இல்லாவிட்டால் அதையும் தொடாமல் நிபுணர்களிடம் விடுங்கள். துப்பாக்கித் தோட்டா உறைகளுக்கும் இதே சோதனைதான். அடியில் 'கே எஃப்' என்று இருந்தால் பூனாவுக்கு அருகே உள்ள கிர்கீ ஆலையில் செய்தவை. சேர்த்துப் பயன்படுத்தும் எண்ணம் இல்லாத சிறு பாகங்களுக்குப் பிரிவு 45(டி) விலக்குத் தருகிறது. விமானப் பயணியின் பையில் ஒற்றைத் தோட்டா கிடைத்த வழக்குகளை டெல்லி உயர் நீதிமன்றம் ரத்து செய்திருக்கிறது. ஆனால் ரத்தாகும் வரை அலைந்தது அந்தப் பயணிதான்.

செய்ய வேண்டியது இதுதான். எதையும் நகர்த்தாமல், தொடாமல், இருக்கும் இடத்திலேயே தள்ளி நின்று படம் எடுங்கள். 112-க்கோ உங்கள் காவல் நிலையத்துக்கோ போன் செய்து, "பழைய கையெறி குண்டு வீட்டில் இருக்கிறது, வெடிகுண்டு நிபுணர்களை அனுப்புங்கள்" என்று சொல்லுங்கள். பையில் போட்டு ஸ்டேஷனுக்கு எடுத்துப் போக வேண்டாம், பஸ்ஸில் வேண்டவே வேண்டாம். பெட்டி யாருடையது, எந்தத் தேதியில் திறந்தீர்கள், என்னென்ன இருந்தன என்று ஒரு பக்கத்தில் மனு எழுதி, தாத்தாவின் ராணுவப் பணிச் சான்று, பென்ஷன் புத்தகம் எது இருந்தாலும் அதன் நகலோடு கொடுத்து, மனுவைப் பெற்றுக்கொண்டதற்குக் காவல் நிலையம் தரும் சி.எஸ்.ஆர். ரசீது வாங்குங்கள். அந்த ரசீதுதான் உங்கள் கவசம். மனுவின் ஒரு பிரதியைப் ஸ்பீட் போஸ்டில் மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்கும் அனுப்பிவிடுங்கள்.

குண்டு திரும்பி வராது. நிபுணர்கள் அழித்துவிட வாய்ப்பு அதிகம், அதில் வருத்தப்படாதீர்கள். ஷெல் உறையையும் தோட்டா உறைகளையும் காவல்துறை எடுத்துப் போனால், அவை காலி என்ற நிபுணர் அறிக்கையின் நகலைக் கேட்டு வாங்கி, பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா (புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம்) பிரிவு 503-ன் கீழ் நீதித்துறை நடுவரிடம் திரும்பக் கேட்டு மனு போடலாம். அதற்கு ஒரு வழக்கறிஞர் துணை தேவைப்படும். கிடைத்தால் வீட்டு அலமாரியில் அந்த அறிக்கையின் நகலோடு சேர்த்து வையுங்கள்; வீடு மாறும்போதும் நகல் கூடவே போகட்டும்.